வெட்ட வெட்டத் தழைத்த காடு: கேம்பிரிட்ஜ்ஷயரின் ஹேலி வுட்

கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் ஒருவர் ‘காட்டுக்குப் போயிருக்கிறார்’ என்று வீட்டில் சொன்னால், அவர் சோளமோ நிலக்கடலையோ விதைத்த மானாவாரி நிலத்துக்குப் போயிருக்கிறார் என்றுதான் பொருள். யானை நடமாடும் அடர்ந்த இடத்துக்கு எங்களிடம் வேறு பெயர்: அது வனம், அல்லது வெறுமனே மலை. இந்தச் சொற்குழப்பம் எங்கள் ஊருக்கு மட்டும் உரியது என்றே சென்ற ஏப்ரல் மாதம் வரை நினைத்திருந்தேன். கேம்பிரிட்ஜில் பன்னிரண்டு ஆண்டுகளாக வசிக்கும் கல்லூரித் தோழர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை ‘ஃபாரஸ்ட்’டுக்கு அழைத்துப் போகும்படி நான் கேட்டபோது, ஃபாரஸ்ட் வேறு, வுட் வேறு என்று திருத்தினார். பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மானியரின் ஆட்சியில் ஃபாரஸ்ட் என்பது அரசனின் வேட்டைச் சட்டம் செல்லும் நிலப்பரப்பு. அங்கே மரமே இல்லாமல் வெறும் புதர்வெளியும் ஊரும் வயலும்கூட இருக்கலாம். அந்தச் சட்டத்தின் கெடுபிடியைத் தளர்த்தத்தான் 1217ஆம் ஆண்டில் தனிச் சாசனமே எழுதினார்கள். நாம் போகப்போவது வுட். அதாவது ஒருவருக்குச் சொந்தமான, எல்லை கட்டிய, விறகுக்கும் மரத்துக்கும் என்று வைத்துக்கொண்ட சிறு காடு.

கேம்பிரிட்ஜிலிருந்து மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் பயணம். பார்ட்டன் என்ற ஊரைத் தாண்டியதும் இடப்புறத்து வயல்களுக்கு அப்பால் வானொலித் தொலைநோக்கியின் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாகத் தெரிந்தன. அந்த ஆய்வகத்தில்தான் 1967இல் ஜோசலின் பெல், முதல் பல்சாரின், அதாவது சீராக வானொலி அலைகளைத் துடித்து அனுப்பும் விண்மீனின், துடிப்பைக் காகிதச் சுருளில் கண்டுபிடித்தார். அதே ஆண்டின் முடிவில் அந்த வழியே ஆக்ஸ்ஃபர்டையும் கேம்பிரிட்ஜையும் இணைத்த ரயில் பாதையில் பயணிகள் வண்டி நின்றுபோனது. நேராகவும் சமமாகவும் கிடந்த அந்தத் தடத்தின் மீதே பின்னாளில் சில கிண்ணங்களை நிறுத்தினார்கள். இதை இங்கே சொல்வதற்குக் காரணம், அந்தத் தடம் நாங்கள் போய்ச் சேர்ந்த காட்டின் விளிம்பையும் உரசிக்கொண்டுதான் போகிறது.

காம்பர்டன், டாஃப்ட், போர்ன், லாங்ஸ்டோ என்று ஊர்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. இந்தச் சீமையின் வயல்வெளி பலர் புகைப்படங்களில் பார்த்து ஏங்கும் இங்கிலாந்து அல்ல. குன்றில்லை, ஓடையின் சலசலப்பில்லை. அகன்ற கோதுமை வயல்கள், மஞ்சள் பூக்கத் தொடங்கியிருந்த ரேப் என்னும் எண்ணெய்வித்துப் பயிர், இவற்றுக்கு நடுவே அளவுகோல் வைத்து இழுத்தாற்போன்ற நேர்கோட்டு வேலிகள். அந்த நேர்கோட்டுக்கு ஒரு கதை உண்டு. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டங்களின் வழியே பொதுநிலங்களையும் சிதறிக் கிடந்த கீற்று நிலங்களையும் ஒன்றுசேர்த்துப் பங்கிட்டபோது, அளவையாளர் வரைந்த கோட்டின் மேலேயே முள்வேலிச் செடியை நட்டார்கள். வளைந்து நெளிந்து போகும் வேலியைக் கண்டால் அது அதற்கும் முற்பட்டது என்று பெரும்பாலும் நம்பலாம் என்றார் தோழர். அன்று முழுவதும் நான் நெளிந்த கோடுகளைத் தேடிக்கொண்டே இருந்தேன். கிடைத்தவை சிலவே, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெரிய இயந்திரங்களுக்கு வழிவிட வேண்டும் என்று, பழைய வேலிகள் பலவற்றை அரசின் மானியத்தோடே பிடுங்கிவிட்டார்கள்.

லாங்ஸ்டோவுக்கும் லிட்டில் கிரான்ஸ்டனுக்கும் இடையே, சாலையோரம் ஒரு தண்ணீர்த் தொட்டிக் கோபுரம் நிற்கிறது. அதன் எதிரே தொடங்கும் வண்டித்தடம் வயல்களின் ஊடே ஹேலி வுட் வரைக்கும் போகிறது. தலைக்கு மேல் வானம்பாடி ஒன்று ஓயாமல் பாடியது. பறவை கண்ணுக்கே அகப்படவில்லை. முழங்கால் உயர ரப்பர் காலணி கொண்டு வரும்படி தோழர் இரண்டு முறை சொல்லியிருந்தும், வெயில் அடிப்பதைப் பார்த்து நான் சாதாரண நடைக் காலணியிலேயே வந்திருந்தேன். ஐம்பதாவது அடியிலேயே அதன் பலன் தெரிந்தது. சுமார் நாலரை லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு இந்த நாட்டின் மீது படர்ந்த பனிப்பாறைகள், வழியெல்லாம் அரைத்துக்கொண்டு வந்த சுண்ணாம்பையும் களியையும் இங்கே கொட்டிவிட்டுப் போயின. அந்தக் களி என் காலணியை உள்ளங்காலிலிருந்து பிரித்து வைத்துக்கொண்டது. ஒற்றைக் காலில் நின்று அதை மீட்டபோதுதான் இந்தக் காடு இங்கே ஏன் பிழைத்திருக்கிறது என்பதும் விளங்கியது. தண்ணீர் வடியாத மேட்டுக் களிமண்ணில் பழங்காலத்து ஏர் எளிதாக இறங்காது. உழுவதற்கு உகந்த சரிவுகளை உழவுக்கு எடுத்துக்கொண்டு, உச்சியில் சேறாகக் கிடந்த சமதளத்தை மரத்துக்கு விட்டார்கள்.

காட்டின் எல்லையில் முதலில் எதிர்ப்படுவது மரமல்ல, ஒரு கரையும் பள்ளமும். பள்ளம் வெளிப்புறம், கரை உட்புறம். மாடு உள்ளே நுழைந்து தளிரை மேய்ந்துவிடக் கூடாது என்பதற்காக இடைக்காலத்துக் கூலியாட்கள் மண்வெட்டியால் தோண்டிய அகழி அது. மானை உள்ளேயே அடைத்துவைக்கும் வேட்டைப் பூங்கா என்றால் பள்ளத்தை உட்புறம் வைப்பார்களாம். இன்று அது மழையில் கரைந்து மழுங்கிய வரப்புபோலத்தான் தெரிகிறது; பாசி மூடியிருக்கிறது; தெரியாதவர் ஒரே எட்டில் தாண்டிவிடுவார். நான் அதன் மேல் சற்று நேரம் நின்றேன். 1251ஆம் ஆண்டில் ஈலி நகரத்துக் கிறித்தவ ஆயர் தம் சொத்துகளைக் கணக்கெடுத்து லத்தீனில் எழுதிவைத்த பதிவேட்டில், ‘ஹெய்லே என்ற பெயருடைய காடு ஒன்று உண்டு, அது எண்பது ஏக்கர்’ என்று இந்த இடம் பதிவாகியிருக்கிறது. இங்கிலாந்தில் 1600ஆம் ஆண்டிலிருந்து தொடர்ந்து காடாக இருந்தாலே ‘பழங்காடு’ என்ற தகுதி கிடைத்துவிடும். இதுவோ அதற்கும் மூன்றரை நூற்றாண்டு முன்பே ஏட்டில் ஏறிவிட்டது.

அந்தப் பதிவேட்டையும் இந்தக் கரையையும் சேர்த்துப் படித்தவர் ஆலிவர் ராக்கம். கேம்பிரிட்ஜ் தாவரவியலாளர், சிவப்புக் காலுறை அணிவதற்குப் பெயர் பெற்றவர், 2015இல் மறைந்தார். காட்டின் வரலாற்றை எழுத வேண்டுமானால் ஆவணக் காப்பகத்தில் பாதி நாளும் சேற்றில் பாதி நாளும் கழிக்க வேண்டும் என்பதை வாழ்ந்தே காட்டியவர். 1975இல் அவர் இந்த ஒரு காட்டைப் பற்றியே தனி நூல் எழுதினார். மரத்தை வெட்டியதால் இங்கிலாந்தின் காடுகள் அழிந்தன என்ற பொதுநம்பிக்கையை அவர் கடுமையாக மறுத்தார். வெட்டப்பட்ட மரம் மீண்டும் தழைக்கும். காட்டைக் கொன்றவை ஏரும் மேய்ச்சலும், பிற்காலத்தில் பழைய மரங்களை அகற்றிவிட்டு ஊசியிலை மரங்களை நட்ட வேலையும்தான் என்பது அவருடைய வாதம்.

எனக்கு இதை ஏற்பதில் தயக்கமே இருந்தது. மரத்தை வெட்டுவது பாவம் என்று பள்ளிச் சுவரில் படித்து வளர்ந்தவர்கள் நாம். உள்ளே போனதும், சென்ற குளிர்காலத்தில் வெட்டிய பகுதியில் கழிகளை அடுக்கிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், வனவிலங்கு அறக்கட்டளையின் தன்னார்வலர், என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார் போலும். வாருங்கள் என்று கையசைத்து ஓர் ஆஷ் மரத்தின் அடிக்கட்டையருகே கூட்டிப்போனார். நான்கு பேர் சுற்றி உட்காரக்கூடிய அகலம், நடுவே பொந்து, விளிம்பைச் சுற்றிலும் விரல்கடை அளவில் கறுத்த மொட்டுகள். இந்தக் கட்டை எத்தனை முறை வெட்டுப்பட்டிருக்கும் என்று கேட்டேன். “உங்கள் தாத்தாவின் தாத்தா காலத்திலும் இதை வெட்டியிருப்பார்கள். வெட்டாமல் விட்டிருந்தால் இது எப்போதோ முதிர்ந்து விழுந்திருக்கும்” என்றார். அதைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்த சொல் மறுதாம்பு. கரும்பை அடியோடு அறுத்த பின்பு கட்டையிலிருந்து கிளம்பும் இரண்டாம் பயிரை வாய்க்கால் பாசனத்தில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! தைலமரத் தோப்புகளிலும் அதே வழக்கம்தான். இவர்கள் அதை ஆஷ், ஹேசல், மேப்பிள் மரங்களில் சில பத்தாண்டுகளுக்கு அல்ல, பல நூறு ஆண்டுகளுக்குச் செய்திருக்கிறார்கள். காட்டைத் துண்டுகளாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒன்றாக வெட்டி, கடைசித் துண்டுக்கு வருவதற்குள் முதல் துண்டு மீண்டும் கழி தரும்படி முறை வைத்திருந்தார்கள். இடையிடையே ஓக் மரங்களை மட்டும் நெடிதாக வளரவிட்டு வீட்டுத் தூணுக்கும் உத்தரத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள். கழிகள் விறகுக்கும், ஆட்டுப்பட்டித் தட்டிக்கும், கூரை வேயும் முளைக்கும், சுவருக்குள் வைத்து மண் அப்பும் வரிச்சுக்கும் போயின. நாங்கள் கடந்து வந்த ஊர்களின் பழைய வீடுகளுக்குள் இப்படிப்பட்ட கழிகள் இன்னும் சுண்ணாம்புக்குப் பின்னால் மறைந்திருக்கும்.

நிலக்கரியும் மலிவான இறக்குமதி மரமும் வந்ததும் கழிக்கு விலை இல்லாமல் போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டும் வழக்கமும் நின்றது. நிழல் அடர்ந்தது, தரைப்பூக்கள் குறைந்தன. அறக்கட்டளை இந்தக் காட்டை 1962இல் வாங்கி, சிறிது காலத்திலேயே கோடரியை மீண்டும் உள்ளே கொண்டுவந்தது.

அதன் விளைவைக் காண நாங்கள் சரியான வாரத்தில் வந்திருந்தோம். வெட்டிய பகுதியில் வெயில் முழுதாகத் தரையில் விழ, வெளிர்மஞ்சள் பூங்கொத்துகள் ஒரே பக்கமாகத் தலைசாய்த்து நின்றன. இதுதான் ஆக்ஸ்லிப். பிரிட்டனில் கேம்பிரிட்ஜ்ஷயரும் சஃபோக்கும் எசெக்ஸும் சந்திக்கும் களிமண் காடுகளில்தான் இது பெரும்பாலும் வாழ்கிறது. வெட்டிய அடுத்த ஆண்டைவிட அதற்கு அடுத்த வசந்தத்தில்தான் வெள்ளமாகப் பூக்கும் என்றார் முதியவர். செடிக்கு முதல் ஆண்டு வெயிலைச் சேமிக்கும் வேலையே போதுமானதாக இருக்கிறது. பெயர்தான் சற்று இடறுகிறது. இதன் உறவுச்செடியான கௌஸ்லிப்பின் பெயருக்குப் பழைய ஆங்கிலத்தில் மாட்டுச் சாணம் என்று பொருள்; மேய்ச்சல் நிலத்தில் சாணம் விழுந்த இடத்தில் பூப்பதாகக் கருதியிருக்கிறார்கள். நாமாக இருந்தால் சாணிப்பூ என்று கூசாமல் பெயர் வைத்திருப்போம். ஆங்கிலேயரும் கூசவில்லை, மறந்துதான் போய்விட்டார்கள்.

புதிதாக வெட்டிய பகுதியைச் சுற்றி உயரமான கம்பிவலை. நான் முதலில் அதை மனிதருக்கான தடை என்று நினைத்தேன். மானுக்கான தடை அது. நார்மானியர் கொண்டுவந்து பூங்காக்களில் வளர்த்த ஃபேலோ மான்கள் பின்னாளில் தப்பிப் பெருகி, ஆக்ஸ்லிப் பூவையும் ஆஷ் தளிரையும் விரும்பித் தின்கின்றன; அவற்றைப் பிடித்துத் தின்ன ஓநாயும் இல்லை. பள்ளம் தோண்டி மாட்டைத் தடுத்த இடத்தில் இப்போது வலை கட்டி மானைத் தடுக்கிறார்கள். ஆஷுக்கு இன்னொரு பகையும் வந்துவிட்டது: ஆசியாவிலிருந்து வந்த பூஞ்சை நோய், 2012இல் பிரிட்டனில் உறுதிசெய்யப்பட்டது. உச்சிக்கிளைகள் காய்ந்து நின்ற மரங்களை முதியவர் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டினார். அதற்கு வலை கட்ட முடியாது என்பதைத் தவிர அவர் வேறெதுவும் சொல்லவில்லை.

பழைய ரயில் தடத்தின் ஓரம் சற்று நடந்தோம். நீலமணிப்பூக்கள் அந்த வாரம் அரும்பு கட்டும் நிலையிலேயே இருந்தன. அதைப் பார்க்க மே மாதத் தொடக்கத்தில் வர வேண்டும். இரண்டு மணிக்குத் தண்ணீர்க் கோபுரத்தடிக்குத் திரும்பினோம்.

திரும்பிப் போகும் வழியில் போர்ன் காற்றாலையையும் பார்த்துவிட்டோம். 1636ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்றில் பேசப்படும் இந்த ஆலையின் மரவீடு முழுவதும், இறக்கைகளோடு சேர்த்து, நடுவில் நிற்கும் ஒரே ஓக் தூணின் மேல்தான் இருக்கிறது. காற்று எந்தப் பக்கம் வீசினாலும் ஆலைக்காரர் பின்னால் நீண்டிருக்கும் கழியைத் தள்ளி வீட்டையே திருப்பிக்கொள்வார். தோழர் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்கப் போனார். நான் வண்டியில் விரித்துவைத்திருந்த செய்தித்தாளின் மேல் காலை வைத்து, கிடைத்த குச்சியால் காலணியில் காய்ந்திருந்த களியைச் சுரண்டத் தொடங்கினேன். பாதிகூடப் பெயரவில்லை.