சின்னம்மாவிடம் கேட்கவில்லை

திருகோணமலையில் சிறுவர் பாதுகாப்பு வேலைக்கு வந்த புதிதில், அறிக்கை பிழையில்லாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்போது 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு மூதூர்ப் பக்கமிருந்து ஒரு முறைப்பாடு வந்தது. அம்மா குவைத்தில் வீட்டு வேலை. அப்பா எங்கே என்று தெரியாது. அம்மம்மாவுக்குக் கண் மங்கல். 11 வயது அண்ணன் பள்ளிக்கூடம் போகாமல் கரைவலை இழுக்கப் போய்க்கொண்டிருந்தான். தங்கச்சிக்கு 7 வயது. ஓலைக் கூரை, மலசலகூடம் இல்லை, இரவில் அடுப்பு எரிவது நிச்சயமில்லை. எல்லாவற்றையும் எழுதினேன். எல்லாம் உண்மைதான்.

அம்மம்மா ஒன்றைத்தான் கேட்டார்: "கூரை ஒழுகுதெண்டா தகரம் தாங்க மிஸ். பிள்ளையள ஏன் கொண்டு போறீங்க?" தகரம் கொடுக்க எனக்கு வழியிருக்கவில்லை.

நீதவான் என் அறிக்கையைப் பார்த்து இருவரையும் சிறுவர் இல்லத்துக்கு அனுப்பக் கட்டளையிட்டார். ஆண் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம், பெண் பிள்ளைகளுக்கு வேறோர் இல்லம். அதை நான் யோசித்திருக்கவே இல்லை. அதுவரை ஒரே பாயில் படுத்த பிள்ளைகள் இரண்டு வாகனங்களில் போனார்கள். பார்வையாளர் நாள் இரண்டு இடத்திலும் ஞாயிறு. அம்மம்மாவால் ஒரு நாளில் ஒரு பிள்ளையைத்தான் பார்க்க முடிந்தது. அதற்கும் பஸ் காசு கடன்.

ஏழு மாதம் கழித்துத்தான் தம்பலகாமத்தில் பிள்ளைகளுக்கு ஒரு சின்னம்மா இருப்பது தெரிந்தது. போய்ப் பார்த்தேன். கல்வீடு, இரண்டு பசு, பக்கத்திலேயே பள்ளிக்கூடம். "என்னட்ட ஒருத்தரும் கேக்கல்லயே மிஸ்" என்றார். பதில் சொல்ல முடியாமல் நின்றேன்.

1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டமே பிள்ளையை ஓர் உறவினரிடமோ தகுந்த ஆளிடமோ ஒப்படைக்க இடம் தருகிறது. வறுமை ஒன்றை மட்டும் காரணமாக வைத்துப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்று ஐக்கிய நாடுகள் சபையும் 2009இல் வழிகாட்டல் கொடுத்தது. பயிற்சியில் இரண்டையும் படித்தவள்தான் நான். ஆனால் உறவினரைத் தேட நாலு ஊர் அலைய வேண்டும். இல்லம் என்றால் ஒரு கடிதத்தோடு முடிந்துவிடும். கையில் கோப்புகள் குவிந்திருந்தன, உண்மைதான். அதை அந்தப் பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

நன்னடத்தை உத்தியோகத்தரோடு சேர்ந்து திரும்ப நீதிமன்றம் போனோம். மூன்று தவணைக்குப் பிறகு இருவரும் சின்னம்மா வீட்டுக்கு வந்தார்கள். அண்ணன் இரண்டாம் நாளே பசுக்களோடு சிநேகமாகிவிட்டான். தங்கச்சிதான் கனநாள் உடுப்புப் பையைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தாளாம்.