243-இல் 197

ஜூன் 3
இடது கையால் தட்டுகிறேன். எழுத்துப்பிழைகள் கையுடையவை, என்னுடையவை அல்ல. வலது கையில் மாவுக்கட்டு முழங்கை வரை வந்துவிட்டது. ஆறு வாரமாம். ஆர்காம் நைட் என்ற பேட்மேன் வீடியோ கேமில் 243 புதிர்களில் நான் நிறுத்திய இடம் 197.

ஜூன் 4
நேரம் போகட்டும் என்று, அதிவேகமாக ஓடும் சூப்பர்ஹீரோவின் கதையான ஃபிளாஷ் தொடரை முதலிலிருந்து போட்டேன். 2014-இல் வந்த முதல் எபிசோட். பாரி ஆலன் ஓடிப் பார்க்கிறான், மோதி விழுகிறான். மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது, மூன்று மணி நேரத்தில் கூடிவிட்டது என்கிறாள் அவன் குழுவின் விஞ்ஞானி கெய்ட்லின். எனக்கு முறிந்ததும் அதே எலும்புதான். அணைத்துவிட்டுப் படுத்தேன்.

ஜூன் 5
வலி.

ஜூன் 7
டேர்டெவில் தொடரின் முதல் சீசன், இரண்டாவது எபிசோட், கடைசி மூன்று நிமிடம். எத்தனையாவது முறை என்று கேட்கக் கூடாது. டேர்டெவிலான மேட் மர்டாக் அந்த எபிசோட் முழுக்க அடிபட்டுக் கிடப்பான், நர்ஸ் கிளேர் தையல் போட்டுக்கொண்டிருப்பாள். அந்த உடம்போடுதான் கடத்தப்பட்ட பையனைத் தேடிப் போகிறான். கேமரா நடைக்கூடத்தை விட்டு நகராது. அறைக்குள் நடப்பது சத்தமாக மட்டும் வரும், ஒரு மைக்ரோவேவ் பறந்து வரும். இவன் நடுவில் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குவான். அடி வாங்கியவர்களும் ஒரே குத்தில் மயங்கிவிட மாட்டார்கள், தள்ளாடி எழுந்து திரும்ப வருவார்கள். எல்லாருக்கும் களைப்பு. எனக்குத் தெரிந்து சூப்பர்ஹீரோ தொடர்களில் இதைவிட நல்ல சண்டை இல்லை, அந்தக் களைப்புக்காகவே.

ஆரோ தொடரில் வில்வீரன் ஆலிவரை வாளால் குத்தி மலையுச்சியிலிருந்து தள்ளுகிறார்கள். சில எபிசோடில் ஊர் திரும்பி வில்லை எடுத்துவிடுகிறான். போகட்டும்.

ஜூன் 9
ஒற்றைக் கையால் விளையாடிப் பார்த்தேன். கன்ட்ரோலரைத் தொடையில் வைத்து, வலது பக்கத்தை முழங்கையால் அமுக்கி. "பட்டனை வேகமாகத் தட்டு" என்று திரையில் வந்ததும் முடிந்தது கதை. ஒரு கதவைத் திறக்க எதற்கு இருபது தட்டு? இரண்டு கையும் நன்றாக இருந்தபோதே எனக்கு இது பிடிக்காது.

2018-இல் வந்த ஸ்பைடர்மேன் கேமில் இதற்கு அமைப்பு உண்டு: தட்டுவதற்குப் பதில் அழுத்திப் பிடித்தால் போதும், புதிர்களையும் தாண்டிவிடலாம். அதை முடித்த காலத்தில் அந்தப் பக்கத்தை எட்டியும் பார்க்கவில்லை. ஆனால் ஸ்பைடர்மேனின் தோழி எம்ஜே பதுங்கிப் பதுங்கிப் போகும் பகுதிகளைத் தாண்ட வழியில்லை. ஸ்பைடர்மேனாக வலை வீசிப் பறந்துகொண்டிருந்த என்னைப் பெட்டிக்குப் பின்னால் குந்த வைக்கிறார்கள்.

ஜூன் 10
தம்பி வந்தான். "அக்கா, நீ சும்மா உட்காரு, மிச்சம் 46-ஐயும் நான் எடுத்துத் தர்றேன்" என்றான். கூடாது என்றேன். ஆர்காம் நைட்டில் வில்லன் ரிட்லர் ஒளித்து வைத்த 243 புதிர்களையும் தீர்த்தால்தான் முழு முடிவைக் காட்டுவார்கள். அநியாயம்தான். பாதி, பேட்மேனின் காரான பேட்மொபைலை வைத்துச் சுற்றும் வேலை. நடுநடுவே ரிட்லர் என்னை முட்டாள் என்று வேறு திட்டுவான். ஆனாலும் 197 என்னுடையது.

ஜூன் 12
ஃபிளாஷ் திரும்ப. முதல் சீசன் வில்லன் இவனைவிட வேகமாக ஓடுபவன். இரண்டாவது சீசனில்? இன்னும் வேகமாக ஓடுபவன். மூன்றாவது? அதேதான். ஒவ்வொரு முறையும் யாராவது "ஓடு பாரி, ஓடு" என்பார்கள், அவனும் ஓடுவான். 9 சீசன், 184 எபிசோட். எனக்கு ஆறு வாரம் இருக்கிறது, அதனால் சொல்ல வாயில்லை.

ஜூன் 13
கட்டைவிரல் நுனி மரத்திருக்கிறது. கட்டின் இறுக்கமாக இருக்கும்.

ஜூன் 14
இன்னும் மரத்திருக்கிறது. வலது கட்டைவிரல் இல்லாமல் கேமராவைத் திருப்ப முடியாது.

ஜூன் 16
வேறொரு விளையாட்டைத் திறந்தேன், இடது கையே போதும் என்றார்கள். முதலில் அப்டேட். ஒரு மணி நேரம் கழித்து, நிறுத்த முடியாத அறிமுகக் காட்சி. அப்புறம் ஒரு கிழவரோடு நடக்க வேண்டும். நான் நடந்தால் அவர் பின்தங்குகிறார், ஓடினால் "எங்கே போகிறாய்" என்கிறார். அவர் வேகத்துக்கு எனக்கு ஒரு நடை வைத்திருக்கக் கூடாதா? அழித்துவிட்டேன்.

ஜூன் 18
எலும்பு சற்று விலகினாற்போல் தெரிகிறதாம். நாளை மறுநாள் இன்னொரு எக்ஸ்ரே.

டேர்டெவில் மூன்றாவது சீசன். தொடக்கத்தில் மேட்டுக்கு ஒரு காது கேட்காது, தேவாலயத்து ஆதரவற்றோர் இல்லத்தில் படுத்துக்கொண்டு எல்லார் மேலும் எரிந்து விழுவான். முதலில் பார்த்தபோது இழுக்கிறார்கள் என்று தள்ளிவிட்டுப் பார்த்தேன். இன்று ஒரு நிமிடம்கூடத் தள்ளவில்லை. 2018 அக்டோபரில் இந்த சீசன், நவம்பரில் தொடரையே நிறுத்திவிட்டார்கள்.

ஜூன் 20
எலும்பு விலகல் அதிகமாகவில்லை. கட்டு மாற்றினார்கள். கட்டைவிரலை அசைக்கச் சொன்னார் டாக்டர், அசைத்தேன். போதும் என்றார். வட்டமாகச் சுற்ற வருமா என்று கேட்டேன். எதற்கு என்றார்.

ஜூன் 21
198 என்று காட்டுகிறது. நான் தூங்கும்போது தம்பி எடுத்திருக்கிறான். அவனோடு பேசவில்லை.