லயத்தில் அடுப்பை எண்ணுங்கள்

2019ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவினக் கணக்கெடுப்பில் இலங்கையின் வறுமை வீதம் 14.3. தேயிலைத் தோட்டங்கள் அடங்கிய தோட்டப்புறத்தில் மட்டும் 33.8. இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் சமூகப் பணி உத்தியோகத்தர்கள் மலையேறி வருகிறார்கள். அக்கறையோடுதான் வருகிறார்கள். ஆனால் படிவத்தின் முதல் வரியிலேயே கணக்குப் பிழைத்துவிடுகிறது.

லயம் என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு. அதில் ஒரு காம்பராவுக்கு, அதாவது ஒரு வீட்டு அறைக்கு, ஒரு இலக்கம். அதற்குள்ளே முன்பக்கத்தில் மாமனார், மாமியார், பின்பக்கத்தில் மகனும் மருமகளும், இஸ்தோப்பை (முன் திண்ணையை) தகரத்தால் அடைத்து அதில் கணவனை இழந்த மகளும் இரண்டு பிள்ளைகளும் இருப்பார்கள். படிவத்தில் எல்லாரும் ஒரே குடும்பமாகப் பதிவாகிறார்கள். மூன்று சம்பளம் சேர்ந்து தெரியும்போது அந்த மகளுக்கு வருமானமே இல்லை என்பது மறைந்துபோகிறது. சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிறவர்களையே குடித்தனக் கணக்கெடுப்பு ஒரு குடித்தனமாகக் கொள்கிறது. அதனால் எத்தனை பேர் என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை உலை என்று கேட்க வேண்டும். கடனுக்கு வாங்குவதை எழுதும் கடைக் கொப்பி எத்தனை, யார் யார் பேரில் என்பதையும் விசாரியுங்கள். வாயால் சொல்கிற எண்ணிக்கையைவிடக் கடைக் கொப்பி நம்பகமானது, ஏனென்றால் கடனைப் பிரித்துத்தான் எழுதுவார்கள்.

சிலர் பின்பக்க அடுப்பை மறைப்பார்கள். அனுமதி இல்லாமல் லயத்தோடு ஒட்டிக் கூரை இறக்கிக் கட்டியது தோட்ட ஆபீசுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் காரணம். படிவம் எங்கே போகிறது, யார் பார்ப்பார்கள் என்பதை உட்கார்ந்தவுடனேயே சொல்லிவிடுங்கள். தோட்டத் தலைவரையோ கணக்குப்பிள்ளையையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் உண்மையான பதில் வராது.

அடுத்தது வருமானம். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அதை 30ஆல் பெருக்கிப் படிவத்தில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது அநியாயம். ஒரு நாள் வேலை பதிவானால் 'ஒரு பேர்' விழுந்தது என்பார்கள். மாதத்தில் 20 பேர் விழுந்தால் 27,000. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 2,160 ரூபா கழிந்தால் 24,840. அதிலிருந்து முன்பணம், சங்கச் சந்தா, கடன் எல்லாம் போகும். கொழுந்து நிறை குறைந்த நாளில் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும், அந்த நிறை தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். பருவமும் முக்கியம். டிக்கோயா, டிம்புள்ளப் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து கொட்டும், ஜனவரி முதல் மார்ச் வரை வரட்சி. ஊவாப் பக்கம் ஜூலைக்குப் பிறகு வரட்சிக் காற்று அடிக்கும். ஒரே ஒரு சம்பளச் சிட்டையை வைத்து யாரையும் எடைபோடக் கூடாது. கொழுந்து கூடிய மாதத்தில் ஒன்று, குறைந்த மாதத்தில் ஒன்று என்று இரண்டாவது பார்க்க வேண்டும்.

காலை பத்து மணிக்குப் போனால் லயத்தில் வயதானவர்களும் பிள்ளைகளும்தான் இருப்பார்கள். பெண்கள் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய்த் தேயிலை மலையில் நிற்பார்கள். மாலை நிறுவை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகோ ஞாயிற்றுக்கிழமையிலோ போங்கள். சம்பளத்துக்கு முந்திய சில நாட்களில் போனால் அரிசிப் பானையின் உண்மை தெரியும். சம்பள நாள் மாலையில் போகாதீர்கள், பல வீடுகளில் அன்றைக்குச் சாராயம்தான் பேசும்.

இரத்தசோகை விஷயத்தில் அறிவுரை நிறையச் சொல்லப்படுகிறது, கேள்விதான் கேட்கப்படுவதில்லை. கர்ப்பிணிக்குக் கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை கிடைக்கிறது. அதை எதோடு விழுங்குகிறாள்? பெரும்பாலும் வெறுந்தேத்தண்ணியோடு. தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்துக்கொள்வதால் உடம்பில் சேர்வது மிகவும் குறைந்துவிடும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி கூடாது. கல்சியம் மாத்திரையையும் அதே வேளையில் போடக் கூடாது. வைத்தமின் சி மாத்திரை தந்திருந்தால் அதைச் சேர்த்துப் போடலாம், இல்லாவிட்டால் தேசிக்காய்த் தண்ணி போதும். மலையில் நிற்கிறவளுக்குப் பகலில் இந்த ஒழுங்கு சரிவராது. இராச்சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கப் போகும் முன் என்று வைத்துக்கொண்டால் குமட்டலும் குறையும். மலம் கறுப்பாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. கொக்கிப் புழு இருக்கும்வரை இரும்பு ஏறுவது கடினம், பூச்சி மருந்தும் செருப்பும் மாத்திரையைப் போலவே முக்கியம்.

கிளினிக்கில் கொடுக்கும் சத்துமாவான திரிபோஷா மாதம் இரண்டு பைக்கற், ஒவ்வொன்றும் 750 கிராம். நாளுக்கு 50 கிராம் வீதம் ஒருவருக்கு 30 நாள் வரும். தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்தால் வீட்டில் நாலு பிள்ளைகளும் கை நீட்டத்தான் செய்வார்கள், எட்டு நாளில் தீர்ந்துவிடும். தாயைத் திட்டி என்ன பயன்? எந்தத் தாய் ஒரு பிள்ளைக்கு மட்டும் ஊட்டிவிட்டு மற்றப் பிள்ளையைப் பார்க்க வைப்பாள்? மற்றப் பிள்ளைகளையும் நிறுத்துப் பார்க்கச் சொல்லி மருத்துவ மாதுவிடம் கொண்டுபோங்கள், நிறை குறைந்திருந்தால் அவர்களுக்கும் கிடைக்க வழியுண்டு. கிளினிக் நாளில் ஒரு பேர் போய்விடும் என்பதால்தான் பலர் வருவதில்லை. அன்றைக்குக் காலையில் போய்விட்டு வேலைக்கு வர முடியுமா என்று தோட்டத்து மேலாளரான துரையிடம் பேசுவதும் உங்கள் வேலைதான்.

கடைசியாகக் கடதாசிகள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிக் கூற்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில் லெட்சுமி, இன்னொன்றில் லக்ஷ்மி, தோட்டத்தின் வேலைப் பதிவேடான செக்ரோலில் வீட்டுப் பேர். இந்த வித்தியாசம் வேலை செய்யும் காலத்தில் யாருக்கும் உறைக்காது, ஓய்வுபெறும்போதுதான் காசு நிற்கும். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி நாட்கூலிக்காரருக்கு ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 14 நாள் சம்பளம். 1,350 ரூபா நாட்சம்பளத்தோடு 30 வருடம் முடித்தவருக்கு 5,67,000 ரூபா. இதை வேலை விட்ட 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். சத்தியக் கடதாசி முடித்துப் பேரைத் திருத்துகிற வேலையை ஐம்பது வயதிலேயே தொடங்கிவிடுங்கள்.

விண்ணப்பங்களில் தோட்டத்தின் பேரை மட்டும் முகவரியாக எழுதாதீர்கள். டிவிஷன், லய இலக்கம், காம்பரா இலக்கம், தொலைபேசி எண் நாலும் வேண்டும். தபால் தோட்ட ஆபீசில் கிடந்துவிட்டு, நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு கைக்கு வருகிற கடிதங்கள் இன்னும் இருக்கின்றன. முதல் சந்திப்புக்கு ஒரு மாதத்துக்குள் அதே வீட்டுக்கு மறுபடி போய், கடிதம் வந்ததா, மாத்திரை மட்டையில் எத்தனை மிச்சம் என்று பாருங்கள்.