பேர் போன 30 பைலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

ஹார்ட் டிஸ்க் செத்த கதையில இருந்துதான் தொடங்கவேணும். ரொறன்ரோவில இருக்கிற சித்தப்பா ஊருக்கு வந்த ஒரு ஆளிட்ட குடுத்துவிட்டவர், "இதுக்குள்ள என்ர பாட்டெல்லாம் கிடக்கு, திறக்குதில்லை, நீ உந்த வேலைதானே செய்யிறாய், ஒருக்கா பார் தம்பி" எண்டு. என்ர வேலை எண்டா கிளிநொச்சியில ஒரு சின்ன ஸ்ரூடியோ. கலியாண வீடியோ, திருவிழா ரெக்கோடிங், பழைய கசற்றைக் கொம்பியூட்டருக்கு மாத்திக் குடுக்கிறது. செத்த டிஸ்க்கில இருந்து படம் எடுத்துக் குடுத்திருக்கிறன், சரி பாட்டும் வரும்தானே எண்டு சாப்ட்வெயரைப் போட்டு விட்டிட்டு படுக்கப் போட்டன்.

விடியப் பாத்தா வந்திருக்கு, ஆனா பேரில்லை. இப்பிடி எடுக்கேக்க போல்டர் பேர், பைல் பேர் ஒண்டும் வராது, எஃப் எண்ட எழுத்துக்குப் பின்னால ஒரு நீட்டு நம்பர்தான் வரும். எம்பி3 எண்டா உள்ளுக்குள்ள பாட்டு விபரம் இருக்கும், சித்தப்பா பெரிய ஆள், எல்லாம் வேவ் பைலாத்தான் வைப்பார், அதில அப்பிடி ஒண்டுமில்லை. மற்ற பாட்டுகள் போனாலும் பரவாயில்லையாம், ஒரு செற் மட்டும் ஒழுங்கா வேணுமாம், வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வரேக்க முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே இருப்பில கேக்கவேணுமாம். பில் எவன்ஸ் எண்ட பியானோக்காரற்ற ஜாஸ் கச்சேரி. 30 பைல்.

சீடியை வாங்கிக் குடுத்திருக்கலாமே, யூரியூப்பில போட்டிருக்கலாமே எண்டு கேப்பியள். நானும் அதைத்தான் கேட்டனான். வீடு மாறேக்க சீடி, இசைத்தட்டு எல்லாத்தையும் ஆருக்கோ குடுத்திட்டார், டிஸ்க்கில இருக்குத்தானே எண்டு. இது அவர் தன்ர கையால ஏத்தினது, 20 வருசம் நைற் ஷிப்ற்றில கேட்டது, அதுதான் வேணும். மனுசன் பிடிச்சா விடமாட்டார்.

ஜாஸ் எனக்கு ஆனா ஆவன்னாவும் தெரியாது. ஆனா ஒழுங்கு மாறின கச்சேரியை அடுக்கிறது தெரியும், கோயில் மேளக் கச்சேரி கசற் எத்தினை அடுக்கியிருப்பன். அதில ஒரு வசதி இருக்கு. சாமி வெளிக்கிடேக்க மல்லாரி, விடியப்புறம் எண்டா பூபாளம், பள்ளியறைக்கு நீலாம்பரி, மங்களம் வந்தா முடிஞ்சுது, கசற்றுக்கு மேல ஒண்டும் எழுதாட்டியும் காது சொல்லும். இதில அப்பிடி ஒரு மண்ணும் இல்லை. எல்லாம் அமைதியாத் தொடங்கி அமைதியா முடியுது. ஒரே பாட்டு மூண்டு தரம் வருது, மூண்டும் வேற வேற.

முதல் அந்த நம்பரை நம்பினன். நம்பர் எண்டது டிஸ்க்கில பைல் கிடந்த இடம், ஒண்டுக்குப் பின்னால ஒண்டாத்தானே ஏத்தியிருப்பார், அப்ப அதுதான் ஒழுங்கு எண்டு அடுக்கிக் கேட்டன். ரெண்டு நாள் வீண். சித்தப்பா அங்க இஞ்ச எண்டு போல்டர் மாத்தி மாத்திக் கொப்பி பண்ணியிருக்கிறார், நடுவுக்கு நிண்டு பேசிற ஒரு துண்டு முதலாவதா வந்து நிக்குது.

பிறகுதான் இதென்ன கச்சேரி எண்டு வாசிச்சன், அதை முதலே செய்திருக்கவேணும். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயோர்க்கில வில்லேஜ் வான்கார்ட் எண்ட நிலக்கீழ் கிளப். பில் எவன்ஸ் பியானோ, ஸ்கொட் லஃபாரோ பேஸ், போல் மோஷன் ட்ரம்ஸ். இடைவேளை விடாமல் ஒரு இருப்பில வாசிக்கிறதைச் செற் எண்டுறவை, பின்னேரம் ரெண்டு செற், இரவு மூண்டு செற், மொத்தம் ஐஞ்சு. ரிவர்சைட் எண்ட இசைத்தட்டுக் கொம்பனிக்காக ஒறின் கீப்நியூஸ் நிண்டு முழுநாளும் ரெக்கோட் பண்ணுவிச்சவர். அதுக்குப் பிறகு 11 நாளில, ஜூலை 6, லஃபாரோ கார் விபத்தில செத்துப்போனார். வயசு 25. இதை வாசிச்ச உடனே ஹெட்போனைக் கழட்டி வைச்சிட்டு ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டு வந்துதான் திரும்ப இருந்தன், ஏனெண்டா அதுக்குள்ள அந்தப் பேஸ் ஆளின்ர வாசிப்பு எனக்குப் பிடிச்சுப் போட்டுது. பேஸ் எண்டா பின்னால நிண்டு டும் டும் எண்டுறது எண்டுதான் நினைச்சிருந்தன், இவர் நல்ல தவில்காரன் நாதஸ்வரத்தோட மல்லுக்கட்டிற மாதிரி பியானோவோட கதைக்கிறார்.

அண்டைக்கு வாசிச்சதில ரெண்டு இசைத்தட்டு போட்டவை, மிச்சம் பிறகு பிறகு வந்தது, 2005 இல மூண்டு சீடியா அந்த நாளை நடந்த ஒழுங்கிலயே விட்டவை. 13 பாட்டு, 22 வாசிப்பு. ஒழுங்கு லிஸ்ற் கிடைச்சிட்டுது, பிறகென்ன கஸ்ரம் எண்டு நினைப்பியள். லிஸ்ற்றில "ஓல் ஒஃப் யூ, ரெண்டாவது வாசிப்பு" எண்டு கிடக்கு, என்னட்ட இருக்கிற மூண்டு "ஓல் ஒஃப் யூ"வில எது ரெண்டாவது? நேரத்தை வைச்சுப் பிடிக்கலாம் எண்டா, டிஸ்க் பழுதில கன பைலின்ர வால் அறுந்திருக்கு. அதால பைலின்ர நீளத்தை நம்பேலாது.

வழி காட்டினது நாலு நீட்டு பைல். மற்றதெல்லாம் ஒரு பைலுக்கு ஒரு பாட்டு, இந்த நாலிலயும் மூண்டு மூண்டு பாட்டு, அதோட பொரியிற சத்தம். இசைத்தட்டின்ர பக்கங்கள்! ரெண்டு தட்டு, நாலு பக்கம், சித்தப்பா பக்கம் பக்கமா ஏத்தியிருக்கிறார். முதல் தட்டில எந்த வாசிப்பைப் போட்டவை எண்டது தெரிஞ்ச விசயம்: குளோரியாஸ் ஸ்ரெப் ரெண்டாவது, அலிஸ் இன் வொண்டர்லாண்ட் ரெண்டாவது, ஓல் ஒஃப் யூ ரெண்டாவது, ஜேட் விஷன்ஸ் ரெண்டாவது. மற்றத் தட்டில வோல்ற்ஸ் ஃபோர் டெபி ரெண்டாவது, டீரூர் அஹெட் ரெண்டாவது, மை றொமான்ஸ் மட்டும் முதலாவது. அப்ப தட்டில இருக்கிறதோட ஒத்துப்போற சீடி பைலைக் கண்டுபிடிச்சா மற்றது தானா விழுந்திடும்.

ஒத்துப்போகுதா எண்டு பாக்கிறது சொல்லுறமாதிரி லேசில்லை. ஒடாசிற்றி எண்ட ஒலி வெட்டி ஒட்டிற சாப்ட்வெயரில ரெண்டையும் மேல கீழ போட்டுத் தொடக்கத்தை ஒட்டினன், அரை நிமிசத்தில விலகிப் போகுது, அப்ப வேற வாசிப்பு எண்டு தள்ளி வைச்சன். எல்லாத்தையும் தள்ளி முடிய ஒண்டும் மிஞ்சேல்லை. பிறகுதான் பொறி தட்டினது. தொண்ணூறுகளில இஞ்ச கரண்டும் இல்லை, பற்றரியும் தடை, சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் ரேடியோவும் கசற்றும் கேட்டது. சுத்திறது நான், கேக்கிறது அப்பாவும் பக்கத்து வீட்டு ஆக்களும், நான் களைச்சா பாட்டு இழுபடும், அப்பா "டேய்!" எண்ட உடனே பிடிச்சுச் சுத்த பாட்டு ஓடும். சித்தப்பாவின்ர இசைத்தட்டு மெஷினும் கொஞ்சம் கூடச் சுத்தியிருக்கு. வேகத்தைத் துளித்துளியாக் குறைச்சுக்கொண்டு வர ரெண்டும் கடைசி வரைக்கும் ஒண்டாப் போச்சுது. வேற வாசிப்பு எண்டா என்ன செய்தாலும் ஒட்டாது, ஒரு இடத்தில பியானோ முந்தும், இன்னொரு இடத்தில பிந்தும்.

குளோரியாஸ் ஸ்ரெப் முதலாவது வாசிப்புக்கு இந்த வில்லங்கம் ஒண்டும் தேவைப்படேல்லை. அதுக்கு நடுவில கரண்ட் போயிருக்கு. உண்மையாத்தான், 1961 இல நியூயோர்க்கில ரெக்கோட் பண்ணேக்க கரண்ட் போய் இசை அறுந்து திரும்ப வருது. முதல் அதை டிஸ்க் பழுது எண்டு நினைச்சு எறியப் பாத்தனான். நியூயோர்க்கிலயும் லைன் போகுமடா எண்டு தனிய இருந்து சிரிச்சன்.

இப்பிடி ஒவ்வொண்டா விழுந்து கடைசியா ஓல் ஒஃப் யூ ரெண்டு மிஞ்சினது. தட்டில இருக்கிறது ரெண்டாவது, அப்ப இந்த ரெண்டில ஒண்டு முதலாவது, மற்றது மூண்டாவது. ஒண்டு பின்னேர முதல் செற்றின்ர கடைசி, அதோட இடைவேளை அறிவிப்பு. மற்றது இரவுக் கடைசிச் செற்றில, அதுக்குப் பின்னால ஜேட் விஷன்ஸ். ஆளிருக்கிற சத்தத்தை வைச்சு முடிவெடுத்தன், ஒண்டில கிளாஸ் முட்டிற சத்தமும் கதையும் கூட, அப்ப அதுதான் இரவு எண்டு. கோயில் ரெக்கோடிங்கில இது பிழைக்காது, சனம் கூடக் கூட இரைச்சலும் கூடும்.

சித்தப்பா வந்தார். பொங்கல் முடிஞ்சு நாலு நாளால, முத்தத்தில கதிரை போட்டு, ஸ்பீக்கரையும் வெளியில வைச்சுத் தொடங்கினம். குளோரியாஸ் ஸ்ரெப்பில கரண்ட் போற இடம் வர, சித்தி குசினிக்குள்ள இருந்து எட்டி லைற்றைப் பாத்தா. அலிஸ், மை ஃபூலிஷ் ஹார்ட், சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார். ஓல் ஒஃப் யூ முடிஞ்சு இடைவேளை அறிவிப்பு வந்தது. கண்ணைத் திறந்திட்டார்.

"இது இல்லையடா."

"எது சித்தப்பா?"

"கைதட்டு. முறிஞ்சு போச்சு. அங்க தட்டித் தட்டி அப்பிடியே அடங்கும், அதுக்குள்ள ஆள் பேசும்."

சரி எண்டு அப்பவே லப்ரொப்பைக் கொண்டுவந்து வைச்சன். மூண்டு சீடியும் இடைவெளி விடாமல் ஓடுற மாதிரித்தான் வெட்டியிருக்கு, ஒரு பைலின்ர கடைசிக் கைதட்டல் அடுத்த பைலின்ர முதல் செக்கன்டில தொடருது, கிழிச்ச பேப்பரின்ர ரெண்டு கரை மாதிரி. அதைவிட நல்ல அத்தாட்சி வேணுமோ? வால் அறுந்த பைலிலயே தலையை உடைச்சுக்கொண்டு இருந்ததில, இந்த ரெண்டுக்கும் வால் முழுசா இருக்கு எண்டதை நான் கவனிக்கவே இல்லை. மற்ற ஓல் ஒஃப் யூவை எடுத்து அறிவிப்போட ஒட்டினன், கைதட்டல் கோடு பிசகாமல் பொருந்திச்சுது. நான் இரவு எண்டு நினைச்ச இரைச்சல் பின்னேரத்து இரைச்சல். ரெண்டையும் இடம் மாத்திப் போட்டு திரும்ப முதல்ல இருந்து தொடங்கினம்.

ஒழுங்கில கேக்கேக்க எனக்கு வேற மாதிரி இருந்தது. முதல் தட்டு லஃபாரோவின்ர பாட்டில தொடங்கி லஃபாரோவின்ர பாட்டிலயே முடியும், ஆள் செத்தபிறகு அவரை முன்னுக்கு வைச்சு அடுக்கினது, அந்திரட்டிக்கு அடிக்கிற நினைவு மலர் மாதிரி. அது பிழை எண்டு சொல்ல வரேல்லை. ஆனா அந்த நாளில ஆருக்கும் ஒண்டும் தெரியாது, மூண்டு பேர் வேலைக்கு வந்திருக்கினம், ஒரு செற் முடிய அடுத்ததுக்கு என்ன வாசிப்பம் எண்டு கதைக்கினம், பின்னேரம் வாசிச்சதையே இரவும் வாசிக்கினம். கடைசியா ஜேட் விஷன்ஸ், அதை அடுத்தடுத்து ரெண்டு தரம். பிறகு ஒரு துண்டு முடிவிசை, அவ்வளவுதான்.

சித்தப்பா மைல்ஸ்ரோன்ஸ் எண்ட பாட்டு வரேக்கயே நித்திரை. பயணக் களைப்பு. விடியத் தேத்தண்ணியோட வந்து, விட்ட இடத்தில இருந்து போடு எண்டார். புது டிஸ்க் ரெண்டு வாங்கி, எல்லாத்துக்கும் பேரும் நம்பரும் தமிழிலயே அடிச்சு ஏத்திக் குடுத்திருக்கிறன், ஒண்டு அவரிட்ட, ஒண்டு இஞ்ச. இனி போல்டர் மாத்தக்கூடாது எண்டு சித்திக்கும் சொல்லித்தான் விட்டிருக்கு.