தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் தேடு

எங்கள் வீட்டுக் கொடிவழி எழுத உட்கார்ந்து இது நாலாவது மாதம். மூன்று மாதமாகத் தாத்தாவோடு நின்றது. அவரைப் பெற்றவள் பேர்கூடத் தெரியவில்லை.

இந்த ஆசை என் கல்லூரித் தோழி விட்டுப்போனது. பாம்பனில் சாலைப் பாலம் திறந்தது 1988-ல்தான். அதுவரை தீவிலிருந்து ராமநாதபுரம் போக எங்களுக்கு ரயில்தான். வண்டி கடல்மேல் ஊர்ந்து போகும்போது பெட்டி அதிரப் பாடுவாள். முன்பின் தெரியாத கிழவிகளுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்து, இறங்குவதற்குள் அவர்கள் பிறந்த ஊர், புகுந்த ஊர் எல்லாம் கேட்டுவிடுவாள். ஐம்பது வயதுக்கு மேல் அதையே நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தாள். ஆதாரம் பார்த்தது பேனாவில், காதால் கேட்டது பென்சிலில். போன ஆடியில் இறந்துவிட்டாள். இன்னும் நம்ப முடியவில்லை.

எங்கள் குடும்பம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் உயிர் தப்பியதே பெரிது, ஒரு காகிதம் மிஞ்சவில்லை. கைவிடலாம் என்றிருந்தபோதுதான் அவள் அடிக்கடி சொன்னது நினைவுக்கு வந்தது: "தலைப்பிள்ளைன்னா தாய்வீட்டு ஊர்ல தேடுடி." தாத்தா தலைப்பிள்ளை! அவர் அம்மாவுக்குப் பிறந்த ஊர் மண்டபம் பக்கம். அத்தையிடம் வருசம் கேட்டேன். "பாம்பன் பாலத்துல ரயில் ஓட ஆரம்பிச்ச வருசம் பிறந்தவுக அய்யா" என்றார். அப்படியென்றால் 1914.

அந்த ஊர்ப் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டை அங்கே வேலை பார்க்கும் கோயில்பிள்ளை எடுத்துக் கொடுத்தார். உப்புக்காற்றில் ஓரமெல்லாம் பொரிந்திருந்தது. ஒட்டிய தாள்களை அடிமட்டம் நுழைத்து மெல்லப் பிரித்தார். கறுப்பு மை பழுத்துப் பழுப்பாகியிருந்தது. நான்காவது பக்கத்தில் தாத்தா பேர். அப்பா பேர். அம்மா என்ற இடத்தில் என் பேர்.

அப்பத்தா ஒருநாளும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கோபத்திலும் "பாப்பா"தான். மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்று சாகும்வரை அதைக் காத்து வந்திருக்கிறாள். செல்லம் என்றல்லவா நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து அந்தப் பேரைப் பேனாவில் எழுதினேன். தோழிக்குப் போன் போட்டுச் சொல்லக் கை போனது.

ஞானத்தாய் பேருக்கு எதிரே ஊர் தலைமன்னார் என்றிருக்கிறது. அவள் யார் வழி உறவு என்று அத்தையிடம் கேட்க வேண்டும். இப்போதைக்குப் பென்சில்.