பெயர் மட்டும் போதாது, முகவரியையும் காட்ட வேண்டும்

கீழக்கரையில் எங்கள் தெருவிலேயே வெளிநாட்டு ஆட்களுக்கு டிசைன், கோடிங் என்று வேலை பார்த்து, டாலர் மதிப்பை ஒட்டியே நிற்கும் யுஎஸ்டிசி என்ற கிரிப்டோ காசில் சம்பளம் வாங்கும் பசங்க சிலர் இருக்கிறார்கள். வேலையைப் பிரித்துச் செய்தால் பணத்தையும் பிரித்து அனுப்ப வேண்டுமே. அதற்காக, டாட் ஈத் (.eth) என்று முடியும் பெயரைக் கொடுத்தால் அதற்குரிய வாலட் (கிரிப்டோ பணப்பை) முகவரியை எடுத்துத் தரும் சின்ன டூல் ஒன்றைப் பைதானில் எழுதிக் கொடுத்தேன்.

இந்த வசதி தேவைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எத்தீரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பில் வாலட் முகவரி என்பது முன்னால் வரும் இரண்டு எழுத்தைத் தவிர்த்து 40 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கோவை. யாரும் அதை முழுசாகப் படிப்பதில்லை, முதல் நாலு, கடைசி நாலு சரியாக இருந்தால் அனுப்பிவிடுகிறார்கள். இது தெரிந்த திருடர்கள் அதே தலையும் வாலும் உள்ள முகவரியை உருவாக்கி, நம் வாலட்டுக்குச் சில்லறைத் தொகை ஒன்றை அனுப்பி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள், நாம் அடுத்த முறை பழைய வரவிலிருந்து காப்பி பண்ணுவோம் என்று. 2017 மே மாதம் ஈஎன்எஸ் என்ற எத்தீரியம் பெயர்ச் சேவை வந்தபின் பெயரையே அடித்து அனுப்ப முடிகிறது.

உள்ளே நடப்பது இரண்டே கேள்விதான். பெயரை முதலில் சீர்படுத்தி, புள்ளி வரும் இடங்களில் பிரித்து, வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு துண்டாகக் கெச்சாக்-256 என்ற கணக்கு முறை வழியே ஹாஷ் செய்து (எதைக் கொடுத்தாலும் ஒரே நீளமுள்ள எண்ணாக மாற்றி) சேர்த்துக்கொண்டே வந்தால் 32 பைட் எண் ஒன்று கிடைக்கும், அதுதான் நேம்ஹாஷ். அதைக் கொண்டு போய் செயினில், அதாவது எத்தீரியத்தின் பொதுப் பதிவேட்டில், ஓடும் நிரலான ரெஜிஸ்ட்ரி காண்ட்ராக்ட்டிடம் 'இந்தப் பெயருக்கு ரிசால்வர் எது?' என்று கேட்கிறோம். அப்புறம், பெயருக்குரிய முகவரியை வைத்திருக்கும் நிரலான அந்த ரிசால்வரிடம் 'முகவரி என்ன?' என்று கேட்கிறோம். பைதானிலிருந்து எத்தீரியத்தோடு பேச உதவும் வெப்3 பை லைப்ரரியில் இதெல்லாம் ஒரே வரி.

சீர்படுத்துவதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆங்கில 'ஏ' மாதிரியே கண்ணுக்குத் தெரியும், ரஷ்ய மொழி எழுதும் சிரிலிக் எழுத்து ஒன்று இருக்கிறது, அதை நடுவில் சொருகினால் நேம்ஹாஷ் முற்றிலும் வேறு, போய்ச் சேரும் ஆளும் வேறு. எழுத்து வகைகள் கலந்து வந்தால் என் டூல் பதிலே தராது.

பசங்களில் ஒருத்தன் (எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்) கேட்டான், "காக்கா, பேரைப் போட்டா போதும்ல, எதுக்குத் திரும்ப அந்த நீட்டு நம்பரைக் காட்டுறீங்க? ஒரு தடவை எடுத்ததைச் சேவ் பண்ணி வச்சா என்ன?"

சேவ் பண்ணக் கூடாது என்பதுதான் என் கட்சி. பாம்பனில் ஒரு விசைப்படகு கை மாறினாலும் பக்கவாட்டில் எழுதிய பெயர் அப்படியே இருக்கும், பழைய ஓனரைத் தேடிப் போனால் வேறொருவர் நிற்பார். டாட் ஈத் பெயரும் அப்படித்தான், வாங்குவது வருடக் கணக்கில். காலாவதியானால் 90 நாள் அவகாசம், அதுவும் தாண்டினால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். இதில் கவனிக்க வேண்டியது, காலாவதியான பெயரும் புது ஆள் எடுத்து மாற்றும்வரை பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருக்கும். பார்க்கிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பெயர் கை மாறாவிட்டாலும் ஓனர் வாலட்டை மாற்றியிருக்கலாம், நாம் சேவ் பண்ணி வைத்ததோ அவர் கைவிட்ட முகவரி. அதனால் ஒவ்வொரு முறையும் புதிதாகச் செயினைக் கேட்டு, முகவரியை நடுவில் புள்ளி வைத்துச் சுருக்காமல் முழுசாக, நாலு நாலு எழுத்தாகப் பிரித்துக் காட்டி, கீழே காலாவதித் தேதியையும் போடுகிறேன். போன முறை வந்த முகவரியிலிருந்து மாறியிருந்தால் சிவப்பில் எச்சரிக்கை வரும், அந்த ஆளுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு அனுப்பட்டும். ஒப்பிடுவதற்கு மட்டும் பழையது இருக்கும், அனுப்புவதற்கு இல்லை.

முகவரியிலிருந்து பெயரைத் தேடும்போது இன்னொரு சோதனை வேண்டும். தன் முகவரிக்கு எந்தப் பெயரை வேண்டுமானாலும் ஒருவர் எழுதி வைத்துக்கொள்ளலாம், யாரும் தடுப்பதில்லை. கிடைத்த பெயரைத் திரும்ப முகவரியாக மாற்றிப் பார்த்து, இரண்டும் ஒத்துப்போனால் மட்டுமே அந்தப் பெயரைக் காட்ட வேண்டும்.

செயின் விஷயமும் உண்டு. ஒரே பெயரில் பிட்காயினுக்கு 0, எத்தீரியத்துக்கு 60 என்று காயின் எண் வாரியாகத் தனித்தனி முகவரி வைக்கலாம். எதிரில் இருப்பது, செயினில் ஓடும் நிரலாகவே அமைந்த காண்ட்ராக்ட் வாலட்டாக இருந்தால், எத்தீரியத்தில் அவருக்குச் சொந்தமான அதே முகவரி, எத்தீரியத்தின் மேல் ஓடும் இன்னொரு செயினான ஆர்பிட்ரமில் அவர் கையில் இல்லாமலே இருக்கலாம். எந்தச் செயினில் அனுப்பப் போகிறோம் என்று சொல்லாதவரை என் டூல் முகவரியைத் தராது. பசங்களுக்கு அதில் இன்னும் கொஞ்சம் சலிப்புதான், ஆனாலும் அதை எடுக்க மாட்டேன்.