எடை ஏறிக்கொண்டுதான் இருந்தது

பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். மாதம் பிறந்தால் மையத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் எடை போட்டு, உயரம் அளந்து, போஷன் டிராக்கர் என்ற செயலியில் ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்காமல் கோயில் திட்டில் ஏறி நின்று ஏற்றுவது தனிக் கதை. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் மேல்கையைச் சுற்றி அளக்க எங்களிடம் ஒரு நாடா உண்டு. 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் சொந்தப் பிள்ளையின் கையில் அந்த நாடாவைச் சுற்றிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. எடைக் கோடு கீழே இறங்கவில்லையே, பிறகென்ன என்று இருந்துவிட்டேன்.

2022 ஏப்ரலில் அவனுக்குக் காய்ச்சல் வருவதும் போவதுமாக இருந்தது. வயது நாலேகால். ராத்திரியில் கால் வலிக்கிறது என்று அழுவான். ஓடி விளையாடின அசதி என்று எண்ணெய் தேய்த்துவிட்டேன். முகம் வெளுத்தது. ஒரு கிளினிக்கில் ரத்தம் பத்தாது என்று இரும்புச்சத்து டானிக் கொடுத்தார்கள். நானும் பூச்சி மாத்திரை கொடுத்தேன். ஆறு வாரம் இப்படியே போனது. ஒருநாள் குளிப்பாட்டும்போது காலெல்லாம் நீலத் திட்டும் சிவப்புப் புள்ளியும் இருப்பதைப் பார்த்தேன். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடினோம். ஹீமோகுளோபின் 5.2, தட்டணு (பிளேட்லெட்) 18,000. அந்த டாக்டர் அதிகம் பேசவில்லை. ரத்தம் ஏற்றி, கடிதம் கொடுத்து, சென்னைக்கு அனுப்பிவிட்டார். அங்கே எலும்பு மஜ்ஜையில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்துவிட்டு ஏ.எல்.எல். என்றார்கள். ரத்தப் புற்றுநோயில் பிள்ளைகளுக்கு அதிகம் வருகிற வகை. சிகிச்சை இரண்டரை வருஷம்.

வார்டில் சேர்ந்த முதல் நாள், டாக்டர் போன பிறகு டயட்டீஷியன் மேடம் வந்தார். பையிலிருந்து அவர் எடுத்தது என் நாடா. அதே மூன்று நிறம். பையன் கையில் சுற்றினார். 12.1, மஞ்சள்.

"எடை 13.4 இருக்கே மேடம், கோட்டுக்கு மேலதானே?" என்றேன்.

"கல்லீரலும் மண்ணீரலும் வீங்கியிருக்கும்மா. அந்த எடையும் இதுல சேர்ந்துதான் வருது" என்றார். பக்கத்துப் படுக்கையில் சிறுநீரகக் கட்டியோடு ஒரு பெண் குழந்தை இருந்தாள். அவளுக்கு எடை வயதுக்குச் சரியாகவே இருந்தது, கை குச்சி மாதிரி இருந்தது. தராசு கட்டியையும் சேர்த்துத்தான் காட்டும். இத்தனை வருஷமாக எடை போடுகிறவளுக்கு அன்றைக்குத்தான் இது உறைத்தது.

சாப்பாட்டை ஏன் இவ்வளவு பெரிய விஷயமாக்குகிறார்கள் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. மருந்துதானே குணமாக்கப் போகிறது? மேடம் விளக்கினார். கீமோ மருந்து வேகமாகப் பெருகுகிற செல்களை அடிக்கும். புற்று செல் அப்படித்தான் பெருகும், ஆனால் வாயின் உள்தோலும் குடலின் உள்சுவரும் ரத்தம் ஊறுகிற மஜ்ஜையும் அப்படித்தான். அடிபட்டதை உடம்பு திரும்பக் கட்ட வேண்டும், அதற்குச் சரக்கு வேண்டும். மெலிந்த பிள்ளைக்குத் தொற்று அதிகம் வரும். தொற்று வந்தால் அடுத்த மருந்து தள்ளிப்போகும். மருந்தை உடம்பிலிருந்து வெளியேற்றுவதும் சிலருக்கு மெதுவாகும். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில், மெலிந்த பிள்ளைகளின் ரத்தத்தில் வின்கிரிஸ்டின் என்ற மருந்து கூடுதல் நேரம் தங்குவதை அளந்தே பார்த்திருக்கிறார்களாம்.

அவர் சொன்ன இன்னொன்றுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. குவாதமாலா என்ற நாட்டில் இதே நோயோடு மெலிந்து வந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். அவர்களில் முதல் ஆறு மாதத்துக்குள் உடம்பு தேறியவர்கள், ஆரம்பத்திலேயே நன்றாக இருந்த பிள்ளைகளுக்கு ஈடாகப் பிழைத்தார்களாம். "ஆறு மாசம் இருக்கும்மா உங்களுக்கு" என்றார். அன்று மே 19. நவம்பர் 19 என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன்.

முதல் மாதம் ஸ்டீராய்டு. அதைப் பார்க்காதவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். சோறு என்றாலே ஓடுகிற பிள்ளை ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து "அம்மா, போண்டா" என்பான். உப்பு மேல் ஒரே வெறி. ஊறுகாய், அப்பளம், சிப்ஸ். கன்னம் உப்பி, வயிறு தள்ளி, முகம் நிலா மாதிரி ஆகிவிட்டது. நாலு வாரத்தில் எடை 15.6. ஊருக்கு வீடியோ கால் போட்டால், "பாரு, குண்டாயிட்டான், நல்லா தேறிட்டான்" என்று என் மாமியார் கண்ணீர் விட்டார். நானும் சிரித்தேன். மேடம் நாடாவைச் சுற்றினார். 12.0. எடை ஏறியதெல்லாம் நீரும் கொழுப்பும்தான். ஸ்டீராய்டு தசையைக் கரைக்கும், எலும்பையும் இளக்கும். படியேற அவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்தது அதனால்தான். பசியை அடக்க வேண்டாம், அதை நல்ல வழியில் திருப்புங்கள் என்றார்கள். இரண்டு மணி போண்டாவுக்குப் பதில் அவித்த முட்டை, சுண்டல், உப்புக் குறைத்த கொள்ளுத் துவையல். அந்த மாதம் ஆஸ்பராஜினேஸ் ஊசியும் போட்டார்கள். அது கணையத்தைத் தொந்தரவு செய்யக்கூடியது என்பதால் எண்ணெயில் பொரித்தது அறவே கூடாது. போண்டா இல்லை என்று அவன் அழுததில் வார்டே முழித்துக்கொண்டது.

இதற்கு நடுவில் தாடை வலி. வின்கிரிஸ்டினின் வேலை அது. மெல்ல முடியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அதே மருந்து மலத்தையும் கட்டிவிடும். இட்லி கொடுத்தேன், துப்பினான். ரசஞ்சோறும் இறங்கவில்லை. அப்போதுதான் எனக்குக் களி ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் களியை யார் மென்றார்கள்? உருட்டி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்குவதுதானே! நோயாளிகளோடு தங்குகிறவர்கள் சமைக்கிற பொது அடுப்பில், துடுப்பு இல்லாமல் கரண்டிக் காம்பால் கேழ்வரகுக் களி கிண்டினேன். சுண்டைக்காய் அளவு உருண்டையாக, பருப்புக் கடைசலில் புரட்டிக் கொடுத்தேன். பதினொரு உருண்டை விழுங்கினான். எண்ணினேன். மேடத்திடம் பயந்துகொண்டே சொன்னேன், திட்டுவார் என்று. அவர் எழுந்து வந்து சட்டியைப் பார்த்தார். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் இருக்கிறது, ஸ்டீராய்டு எலும்பை இளக்குகிற நேரத்தில் இதைவிட என்ன வேண்டும் என்றார். சென்னைக்காரர்கள் இரண்டு பேர் என்னிடம் களி கிண்டக் கற்றுக்கொண்டார்கள். கட்டி தட்டாமல் கிண்ட ஒருத்திக்குத்தான் வந்தது.

ஊரிலிருந்து வந்த அறிவுரைகளைப் பற்றி ஒரு வரி. சர்க்கரை புற்றை வளர்க்கும், அரிசியை நிறுத்து என்று வாட்ஸ்அப்பில் வந்தது. முள்சீத்தா இலையும் பப்பாளி இலைச்சாறும் பஸ்ஸில் பார்சலாகவே வந்தன. எதையும் கொடுக்கவில்லை. வெறும் வயிற்றில் வைத்தால் பிள்ளையின் உடம்பு தன் தசையைத்தான் எடுத்து எரிக்கும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

மூன்றாவது மாதம் மெதோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்து. அதற்குப் பிறகு வாய் முழுக்கப் புண். எச்சில் விழுங்கவே அழுவான். புளி, காரம், உப்பு எதுவும் படக்கூடாது. புளி இல்லாமல் எங்களுக்குச் சமைக்கத் தெரியாது, அது வேறு. முளைகட்டி வறுத்து அரைத்த கேழ்வரகு மாவு அப்போது கைகொடுத்தது. கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி, சூடு தணிந்ததும் இந்த மாவில் ஒரு சிட்டிகை கலந்தால் கஞ்சி இளகிவிடும். முளையில் இருக்கிற நொதி மாவுச்சத்தை உடைப்பதால் அப்படி. குடிக்கத் தண்ணீர் மாதிரி இருக்கும், சத்து கெட்டிக் கஞ்சியின் சத்து. மேலே ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டால் இன்னொரு 45 கலோரி. இப்படி ஒரு வாரம் ஓட்டினேன். பிறகு அதுவும் இறங்கவில்லை. எடை 12.7. நாடாவைச் சுற்றியது நான்தான். 11.4.

சிவப்பு.

மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்றார்கள். முடியாது என்று நான் மூன்று நாள் தாமதம் செய்தேன். குழாய் போட்டால் கடைசிக் கட்டம் என்றுதான் எங்கள் ஊரில் அர்த்தம். போனில் என் மாமியார், "வேண்டாம் கண்ணு, அந்தப் புள்ளைய அப்படிப் பார்க்க என்னால முடியாது" என்றார். என் வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். அவருக்கும் பேச்சு வரவில்லை. நர்ஸ் சிஸ்டர்தான் ஒரு காரியம் செய்தார். அடுத்த வார்டில் மூக்கில் குழாயோடு மூன்று சக்கர சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பையனைக் கூட்டிவந்து காட்டினார். அந்த மூன்று நாளை வீணாக்கினேன் என்பது இன்னும் எனக்கு உறுத்தல்தான்.

தட்டணு குறைவாக இருந்ததால் முதலில் அதை ஏற்றிவிட்டுக் குழாய் போட்டார்கள். உடனே வயிறு நிறையக் கொடுக்கவில்லை. பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரே நாளில் கொட்டினால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகுமாம். முதல் நாள் பாதி அளவுதான், தினமும் ரத்தப் பரிசோதனை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை 70 மில்லி என்று ஆரம்பித்து 150 வரை போனோம். இரண்டாவது நாளே எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். மூக்கு ஓரத்தில் குழாயில் போட்ட குறி நகர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். தலைப்பக்கம் உயர்த்தி வைக்க வேண்டும், முடிந்த பிறகும் அரை மணி நேரம் படுக்கவிடக் கூடாது. சிரிஞ்சை அழுத்தாமல் தூக்கிப் பிடித்தால் பால் தானாக இறங்கும். கடைசியில் 10 மில்லி ஆறின வெந்நீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். ராத்திரி பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் அவன் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கொடுத்துவிடலாம். சாப்பிடு சாப்பிடு என்று கெஞ்சி, மிரட்டி, அழுது கொண்டிருந்த எங்கள் இருவருக்குமே குழாய் இருந்த அந்த 19 நாள்தான் ஓய்வு.

குழாய் எடுத்த பிறகு மெல்ல ஏறியது. நவம்பர் 19 அன்று நாடாவில் 13.6. எடை 15.2. மேடம் நோட்டில் எதுவும் எழுதாமல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அதற்குப் பிறகு ஊரில் இருந்துகொண்டு போய்வந்தோம். மொரப்பூரில் ரயில் ஏறுவோம். புற்றுநோய்ப் பிள்ளைக்கு ஸ்லீப்பரில் கட்டணம் கிடையாது, கூடப் போகிறவருக்கு 75 சதவீதம் சலுகை; அதற்கான படிவத்தை மருத்துவமனையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிகிச்சைச் செலவு முதலமைச்சர் காப்பீட்டில் போனது. முட்டை, பால், பருப்பு, அறை வாடகை எல்லாம் நம் கையிலிருந்துதான். மாதா மாதம் அதுதான் இடித்தது.

வீட்டில் சட்டம் கொஞ்சம்தான், ஆனால் விலக்கே கிடையாது. சமைத்த சூட்டோடு சாப்பிட வேண்டும், பழைய சோறு இல்லை, ஆஃப்பாயில் இல்லை, வெளியில் நறுக்கி விற்கிற பழம் இல்லை. மாம்பழம் என்றால் நான் கழுவி, தோல் சீவிக் கொடுப்பது மட்டும். ஒகேனக்கல் குடிநீரைக் கொதிக்கவைத்தே கொடுத்தேன். எங்கள் போர்வெல் தண்ணீரைத் தொடவில்லை. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், அதில் இருக்கிற ஃப்ளோரைடு போகாது. ஒரு திருவிழாவில் என் அண்ணன் அவனுக்கு மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்று வாங்கிக் கொடுத்துவிட்டார். இரண்டாம் நாள் ராத்திரி காய்ச்சல் 101. 100.4 தொட்டாலே காத்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் 108ஐக் கூப்பிட்டுத் தருமபுரி போய், முதல் ஆன்டிபயாடிக் ஊசி போட்ட பிறகுதான் மூச்சுவிட்டேன். வெள்ளணு மிகவும் குறைந்திருந்தது. மாங்காயால்தான் வந்தது என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் சொல்ல முடியாது. அண்ணனிடம் இன்றுவரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

என் மைய அலமாரியில் இரும்புச்சத்தும் ஃபோலிக் ஆசிடும் கலந்த மருந்து வரிசையாக நிற்கும். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் என் கையால் கொடுப்பேன், என் பிள்ளைக்கு மட்டும் கொடுக்கக் கூடாது. மெதோட்ரெக்சேட் வேலை செய்வதே ஃபோலேட்டை மறித்துத்தான். மருந்தாக அதையே கொடுத்தால் மறித்ததைத் திறந்துவிட்ட மாதிரி. ஏற்றின ரத்தத்திலேயே இரும்பும் வேண்டியதற்கு மேல் சேர்ந்திருக்கும். கீரையாகச் சாப்பிடலாம், அதற்குத் தடை இல்லை.

2024 டிசம்பரில் கடைசி மாத்திரை. இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறான். போன முறை பரிசோதனைக்குப் போனபோது எடை கொஞ்சம் கூடுதல், நொறுக்குத் தீனியைக் குறையுங்கள் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, டாக்டருக்கு ஏன் என்று புரியவில்லை. அந்த நாடா ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான். அவனுக்கு அது இப்போது செல்லாது என்று தெரிந்தும் மாதம் ஒருமுறை சுற்றிப் பார்க்கிறேன்.

மையத்தில் இப்போது எடை போட்ட கையோடு எல்லோர் கையையும் அளந்துவிடுகிறேன். போன மாசியில் ஒரு பெண் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது, கை 12.2. நானே பஸ் ஏற்றித் தருமபுரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் பார்க்க வைத்தேன். வெறும் ரத்த சோகைதான். ஒருநாள் கூலியைக் கெடுத்தேன் என்று அவள் அம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.